கிராப்டோவீரியா: போடி அடிவாரத்திலும் ஏலமலை மேலும்

கிராப்டோவீரியா இரண்டு பேரினங்கள் கலந்து பிறந்த சதைப்பற்றுச் செடி. பெற்றோரில் ஒன்று கிராப்டோபெட்டாலம், மற்றொன்று எச்சவேரியா. இரண்டுமே ரணகள்ளி இடம்பெற்றிருக்கும் கிராசுலேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் தாயகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பாறைகள். தண்டு வெளியே தெரியாதபடி தடித்த இலைகள் சுற்றிச் சுற்றி அடுக்கி நிற்பதால், மேலிருந்து பார்க்கையில் விரிந்த ரோஜாவின் தோற்றம் கிடைக்கிறது. இலையின் நிறமும் ஒன்றாக நிற்பதில்லை. நிழலில் வைத்தால் சாம்பல் பூத்த பச்சை. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் கிடைத்தால் இளஞ்சிவப்பு, ஊதா, செம்பு என்று ஒரே செடி ஓர் ஆண்டுக்குள் பல நிறம் காட்டும். நர்சரிகளில் ‘சக்குலண்ட்’ என்ற பொதுப்பெயரோடு சிறு தொட்டிகளில் விற்பனைக்கு வரும் ரோஜா அடுக்குச் செடிகளில் இவையும் இவற்றின் நெருங்கிய உறவுகளும் ஏராளம்.

எச்சவேரியா என்ற பெயர் ஓர் ஓவியருடையது. ஸ்பெயின் அரசின் ஆணைப்படி 1787இல் மெக்சிகோவின் தாவரங்களைத் தேடிப் புறப்பட்ட குழுவில் செடிகளை வரைந்தவர் அத்தனாசியோ எச்சவேரியா. அவரை நினைவுகூர்ந்து 1828இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் அகஸ்டின் பிரமஸ் தெ கண்டோல் இந்தப் பேரினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். கிராப்டோபெட்டாலத்தில் மிகப் பரவலான இனத்தின் பெயர் பராகுவேயன்ஸ். பராகுவே நாட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதுவும் மெக்சிகோவின் செடிதான். தவறாக வைத்த பெயர் தாவரவியல் விதிப்படி அப்படியே நிலைத்துவிட்டது.

இரு வேறு பேரினங்கள் கலந்து நலமான பிள்ளைச்செடி தருவது தாவர உலகில் எளிதாக நடப்பதல்ல. மெக்சிகோவின் கிராசுலேசி செடிகளில் அது எளிதாக நடக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஊல் பல பத்தாண்டுகள் இவற்றின் குரோமோசோம்களை எண்ணி, இனங்களை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். ஏறத்தாழ 200 இனங்கள் நேராகவோ ஒரு இடைச்செடியின் வழியாகவோ ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை என்பது அவருடைய ஆய்வில் தெரியவந்தது. வடிவத்தில் விலகிப் போயிருந்தாலும் மரபணு அளவில் இவை இன்னும் ஒரே கூட்டம். தோட்டக்காரர்களுக்கு இத்தனை நிறமும் வடிவமும் வாய்த்ததற்கு இதுவே காரணம்.

இந்தக் கலப்பினங்களில் புதிதாக வளர்ப்போருக்கு ஏற்றது ‘ஃபிரெட் ஐவ்ஸ்’. பராகுவேயன்ஸும் எச்சவேரியா ஜிப்பிஃப்ளோராவும் கலந்தது இது. ஒரு சாணுக்கு மேல் அகலமாக வளரும், வெண்கலம், நீலம், இளஞ்சிவப்பு மூன்றும் ஒரே இலையில் படரும், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ‘டெபி’ ஆண்டின் பெரும்பகுதி இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருக்கும். ‘ஓபலினா’வின் குண்டு இலைகளில் விளிம்பு மட்டும் சிவக்கும். எச்சவேரியாக்களுக்குள்ளேயே கலந்து 1930களில் ஜெர்மனியில் உருவான ‘பெர்ல் வான் நூரன்பர்க்’ உண்மையில் கிராப்டோவீரியா அல்ல. ஆனாலும் வளர்ப்பு முறையில் வேறுபாடு இல்லாததால் இவற்றோடு சேர்த்தே பேசலாம். அதன் வெளிறிய ஊதா நிறத்துக்காகவே அதைத் தேடி வாங்குவோர் பலர்.

இந்தச் செடியை வளர்க்க முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் இரவு. நெல்லும் வாழையும் ஏலமும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்து, அப்போதே வெயிலில் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் நீரும் ஆவியாகிப் போகும். கிராசுலேசி செடிகள் வேறு வழி கண்டன. பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில், காற்று குளிர்ந்து ஈரப்பதம் ஏறிய பிறகு திறக்கின்றன. உள்ளே வரும் கரியமில வாயு மாலிக் அமிலமாக மாறி, செல்களின் நுண்குமிழிகளில் விடியும்வரை சேர்கிறது. பொழுது விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ள, அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயு மறுபடி வெளிப்பட்டு, சூரிய ஒளியின் உதவியால் சர்க்கரையாகிறது. இரவே ஆட்டி வைத்த மாவு புளித்திருக்க, காலையில் அடுப்பைப் பற்றவைத்து இட்லி ஊற்றுவதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு கிராம் கரியமில வாயுவைச் சேர்க்க நெல், கோதுமை போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் வரை நீரை இழக்கும். இந்த வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

இந்த வேதியியலின் தொடக்கத் தடயங்களில் ஒன்று கிடைத்தது இந்தியாவில் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. மொரேவிய மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, பெங்களூர் லால்பாக் தோட்டத்தையும் கவனித்த பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். விடியற்காலையில் புளித்த இலை நண்பகலில் சுவையற்றுப் போயிருந்தது. மாலையில் லேசாகக் கசந்தது. லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அவர் எழுதிய இந்தக் குறிப்பு 1815இல் அச்சாயிற்று. அமிலத்தின் வழிமுறை முழுதும் விளங்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்றாலும், இந்த ஒளிச்சேர்க்கை முறை இன்றும் கிராசுலேசி குடும்பத்தின் பெயரையே தாங்குகிறது. இன்று இதைச் சோதிக்க இலையை மெல்ல வேண்டியதில்லை. மெல்லவும் கூடாது, ஏனெனில் ரணகள்ளியில் ஆடுமாடுகளின் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. விடியற்காலையில் ஒரு இலை, மாலையில் ஒரு இலை கசக்கி, pH தாளில் சாற்றைத் தொட்டுப் பார்த்தால் போதும். போடி எனப்படும் போடிநாயக்கனூர்ப் பக்கத்து வேலிகளில் படர்ந்திருக்கும் பிரண்டையின் தண்டும், ஓடைக்கரை ஆனைக்கற்றாழையும் இதே முறையில்தான் வாழ்கின்றன. ஆகவே கிராப்டோவீரியா இந்த மண்ணுக்கு முற்றிலும் அந்நியமான வாழ்க்கை முறையோடு வரவில்லை.

இந்த ஏற்பாடு நன்றாக நடக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கையில் இந்த வகைச் செடிகளில் பல நிறைய அமிலம் சேர்க்கின்றன. இரவு வெக்கையாக இருந்தால் சேர்ப்பு குறைகிறது. சேர்த்ததிலும் ஒரு பங்கு சுவாசத்தில் கரைந்துபோகிறது. செடி உயிரோடிருக்கும், வளராது. பகல் வெயிலைப் பார்த்துப் பயந்து நிழலில் ஒதுக்கி வைப்பவர்கள் இரவைக் கணக்கில் எடுப்பதில்லை. போடியில் இந்தச் செடி படும் பாட்டில் பாதிக்குமேல் இரவிலிருந்து வருவதுதான்.

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து மேற்கே ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. தூரம் 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும் என்பது பொது விதி. கீழே சித்திரை, வைகாசி இரவுகளில் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, மேலே போர்வை தேவைப்படும். மழையும் அப்படியே பிரிகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்துச் சரிவில் கொட்டித் தீர்க்க, மழைமறைவில் இருக்கும் போடிக்கு ஆடிக் காற்றும் இடையிடையே சாரலும்தான். போடிக்கு மழைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும். முகட்டுக்கும் அதற்கு மேற்கே பூப்பாறை, சாந்தன்பாறைக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. போதாததற்கு மூடுபனியும் உண்டு.

மலைமேல் குளிர்ச்சி இருப்பதால் இந்தச் செடி அங்கே தானாகவே செழிக்கும் என்று எண்ணுவது பாதிதான் சரி. இரவு பொருந்துகிறது, ஈரம் பொருந்துவதில்லை. ஏலம் 600 முதல் 1,200 மீட்டர் வரையிலான மலைக்காட்டு நிழலில், மக்கிய சருகு மண்ணில், எப்போதும் ஈரம் காயாத வேரோடு வாழும் செடி. அந்த மண்ணையும் அந்த நிழலையும் அப்படியே கிராப்டோவீரியாவுக்குக் கொடுத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. மெக்சிகோவில் இதன் முன்னோர்களும் மழை பெறுபவைதாம். அங்கே அவை செங்குத்தான பாறை இடுக்குகளில் நிற்கின்றன. பெய்த மழை உடனே வழிந்துவிடுகிறது, காற்று வேரைத் தொடுகிறது. ஆகவே போடியில் செடியைக் காப்பது வெப்பத்திலிருந்து. மலைமேல் காப்பது ஈரத்திலிருந்து. ஒரே செடிக்கு இரண்டு ஊரில் இரண்டு வைத்தியம்.

மண் கலவையில் பாதிக்குமேல் நீரைப் பிடித்து வைக்காத பொருளாக இருக்க வேண்டும். உடைத்த செங்கல் துண்டு இதற்கு மிக நன்று. காசும் அதிகம் ஆகாது. பட்டாணி முதல் துவரை வரையிலான அளவில் சலித்து, தூளைக் கழுவிப் போக்கிவிட வேண்டும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள மாவுத்தூள் சிமெண்டுபோல் இறுகி வடிகாலை அடைக்கும், கழுவாமல் போடக்கூடாது. கிடைத்தால் பெர்லைட்டோ பியூமிஸ் கல்லோ சேர்க்கலாம். மிச்சத்துக்குச் செம்மண்ணும் நன்கு மக்கிய இலைமண்ணும், கைப்பிடி கரித்துண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை மிகுதி என்பதால் தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைக்கும்; அதை நம்பி முழுத் தொட்டியையும் நிரப்பிவிடுவது பெரிய பிழை. அது நனைந்தால் பல நாள் ஈரம் விடாது. முழுதும் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். நர்சரியிலிருந்து வாங்கும் செடிகள் பெரும்பாலும் இதில்தான் நட்டு வருகின்றன. வந்த சில நாளில் வேரை உதறிச் சொந்தக் கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது. மலைமேல் வளர்ப்போர் கலவையில் செங்கல் பங்கை முக்கால்வரை கூட்டலாம்.

தொட்டி மண்தொட்டியாக இருந்தால் போடியிலும் மேட்டிலும் வேருக்குக் காற்று கிடைக்கும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு இடம் தரும். இலையடுக்கைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். துளை இல்லாத பீங்கான் கிண்ணத்தில் நட்டு விற்பவற்றை அழகுக்காக வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் துளையுள்ள தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர் விடுவதற்கு நாள் கணக்கு சொல்வது வழக்கம். அந்தக் கணக்கு ஒரு ஊருக்குச் சரியாக இருந்தால் அடுத்த ஊருக்குத் தப்பாகும். இலையைத் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. கீழ் வரிசை இலை ஒன்றை இரு விரலால் லேசாக அழுத்தினால், நீர் நிறைந்த இலை கல்லாக நிற்கும். நீர் குறைந்த இலை சற்றே நெகிழும், அதன் அடிப்புறத்தில் மெல்லிய சுருக்கக் கோடுகள் ஓடும். அப்போது விட வேண்டும். விடும்போது அடித்துளை வழியே வழியும்வரை விட வேண்டும்; பிறகு மண் முழுதும் காயும்வரை தொடவே கூடாது. தினமும் ஒரு மூடி தண்ணீர் தெளிப்பது பரிவாகத் தெரிந்தாலும் செடியைக் கொல்லும் வழி அதுவே, ஏனெனில் மேல்மண் எப்போதும் நனைந்திருக்க ஆழத்து வேர் காய்ந்து கருகும். போடியில் கோடையில் பொழுது சாய்ந்த பிறகு விடுவது சரி: சூடேறிய மண்ணில் நண்பகல் தண்ணீர் வேரை வேகவைக்கும். மலைமேல் மாறாகக் காலையில் விட வேண்டும். இரவுப் பனி இறங்குமுன் இலையும் மண்ணின் மேற்பரப்பும் உலர்ந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் போடியின் செடிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வாடுகிறதே என்று அப்போது கூடுதலாக ஊற்றுவதால் இழக்கப்படும் செடிகளே மிகுதி. உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறு உள்ள வீடுகளில், ஐப்பசி மழையைப் பிடித்து வைத்து விடுவது இலைகளில் வெள்ளைக் கறை படியாமல் காக்கும்.

மழைக்கு மேலே கூரை வேண்டும் என்பது மலைமேல் விலக்கில்லாத விதி. ஏலக்காய் நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலை மழையைத் தடுக்காது. புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைச் சாய்வாகக் கட்டி, நான்கு பக்கமும் திறந்து விட்டால் ஒளியும் காற்றும் வரும், மழை வராது. பக்கங்களை மூடிவிட்டால் உள்ளே ஈரக்காற்று தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். போடியில் அதே நிழல்வலைக்கு வேலை உண்டு. மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை நண்பகல் வெயிலைப் பாதியாகக் குறைக்கும் வலை தேவை.

ஏன் தேவை என்பதற்கான காரணம் மறுபடியும் இலைத்துளைகளில்தான் இருக்கிறது. வேம்பும் புங்கமும் பகலில் நீரை ஆவியாக்கித் தங்கள் இலைகளைக் குளிர்வித்துக்கொள்கின்றன. கிராப்டோவீரியா பகலில் துளைகளை மூடிவிடுவதால் அந்தக் குளிர்ச்சி அதற்கு இல்லை. சுள்ளென்ற வெயிலில் அதன் தடித்த இலை சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடாகிவிடும். மொட்டை மாடித் தளம் கீழிருந்தும் சூடு கொடுக்கும். தொட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மீதோ கம்பித் தாங்கி மீதோ வைத்தால் அடியில் காற்று ஓடும், வேரும் பிழைக்கும். வெயிலில் கருகிய இலையின் பழுப்புத் தழும்பு மறையாது. அந்த இலை உதிர்ந்து புது இலை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றுவதையும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

நிழலும் ஒரு எல்லைக்கு மேல் கூடாது. ஒளி போதாத செடி, ஒளியைத் தேடித் தண்டை நீட்டும். இலைகள் கீழ்நோக்கி மடங்கும், இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு தெரியும், ரோஜா குலையும். இறுகிய அடுக்கில் அடுத்தடுத்த இலைகள் ஏறத்தாழ 137.5 டிகிரி கோணத்தில் திரும்பி நிற்பதால் எந்த இலையும் மற்றொன்றை முழுதாக மறைப்பதில்லை. நீண்டுபோன தண்டிலும் அந்தக் கோணம் மாறுவதில்லை, இடைவெளி மட்டுமே கூடுகிறது. நீண்ட தண்டு திரும்பவும் சுருங்காது. வெட்டி நடுவதே வழி. வீட்டுக்குள் மேசை மீது இந்தச் செடி நெடுநாள் அழகாக இராது. காலை வெயில் நான்கு மணி நேரமாவது விழும் கிழக்குத் திண்ணையோ சன்னல் விளிம்போ வேண்டும். போடியை நோக்கி இறங்கும் கிழக்குச் சரிவுகள் காலை வெயிலை முழுதாக வாங்கி, பிற்பகலில் மலையின் நிழலுக்குள் போய்விடுகின்றன. ஒளிக் கணக்கில் இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் செடிக்கு அமைவது கடினம்.

நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவற்பழத்தின் ஊதாவுக்கும் மாதுளையின் சிவப்புக்கும் காரணமான அதே குடும்பம். வெயில் பலமாகவும் வெப்பம் குறைவாகவும் இருக்கும் நாட்களில், பச்சையம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலைச் சர்க்கரையாக்கும் நொதிகளோ குளிரில் மெதுவாகிவிடும். மிஞ்சிய ஆற்றல் செல்லைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கும். அதைத் தடுக்கச் செடி தன் இலையின் மேல்படலத்தில் நிறமியைத் திரையாகப் பரப்புகிறது. இதனால்தான் சிவப்பு முதலில் வெயில் நேராகப் படும் நுனியிலும் விளிம்பிலும் தோன்றுகிறது. தை, மாசி மாதங்களில் போடிமெட்டில் பகல் தெளிவாகவும் இரவு குளிராகவும் மழை குறைவாகவும் இருக்கும். ஆண்டின் உச்ச நிறம் அப்போது வரும். கீழே போடியிலும் அதே மாதங்களில்தான் செடி ஓரளவு சிவக்கும், ஆனால் மேட்டுச் செடியின் ஆழம் வராது. அதற்கு வளர்ப்பவர் வருந்த வேண்டியதில்லை. ‘டெபி’ போல் இயல்பிலேயே ஊதாவான வகையைத் தேர்ந்தால் அடிவாரத்திலும் நிறம் கிடைக்கும். தழைச்சத்து மிகுந்த உரம் நிறத்தைக் கெடுத்துப் பச்சையைக் கூட்டும், இலையையும் மென்மையாக்கிப் பூச்சிக்கு இரையாக்கும். வளரும் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, பரிந்துரைத்த அளவில் கால் பங்கை நீரில் கரைத்து விட்டால் ஆண்டுக்கு அதுவே மிகுதி.

நிறத்துக்கு மேலே இலையில் படிந்திருக்கும் வெண்பொடி ஒரு மெழுகு. வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதும், மழைத்துளியை உருட்டிவிடுவதும் அதன் வேலை. விரல் பட்டால் அழிந்து ரேகை பதியும். முழுதாக வளர்ந்த இலையில் அழிந்த மெழுகு மறுபடி படியாது. செடியைத் தூக்க வேண்டுமானால் தொட்டியையோ தண்டையோதான் பிடிக்க வேண்டும். இலையைத் துடைத்துப் பளபளப்பாக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் வாயால் ஊதி வெளியேற்றிவிடலாம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி முதலாவது. இலைகளின் அடிக்கவட்டில் பஞ்சுத் துணுக்காக ஒட்டியிருக்கும். வெண்மெழுகுள்ள செடியில் சீக்கிரம் கண்ணில் படாது. தொட்டியில் எறும்பு ஏறி இறங்கத் தொடங்கினால் அதுவே முதல் அறிகுறி, ஏனெனில் மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காத்து, செடிவிட்டுச் செடி கொண்டுபோகும். வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்புக் கரைசலும் மற்றச் செடிகளுக்கு நல்லவை. இங்கே மெழுகைக் கரைத்துவிடும். 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பூச்சியை மட்டும் தொட்டு எடுப்பது மெதுவான வேலை என்றாலும் சேதமில்லாதது. காய்ந்த கீழ் இலைகளை அவ்வப்போது அகற்றிவிட்டால் ஒளிய இடம் இராது. தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பார்க்க வேண்டும், வேரில் வாழும் மாவுப்பூச்சி வகைகளும் உண்டு. மலைமேல் மழைக்காலத்தில் நத்தைகள் ஓரிரவில் இலைகளைக் கடித்துக் குழிபறித்துவிடும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே சிறந்த தடுப்பு.

அழுகல் நோய் வந்தால் கீழ் இலைகள் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் கழன்று விழும். நீர்ப்பற்றாக்குறையில் உலரும் இலை காகிதமாகச் சுருங்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் அழுகும் செடிக்கு மேலும் தண்ணீர் விடுபவர்கள் உண்டு. அழுகல் தெரிந்தவுடன் தண்டைச் சுத்தமான கத்தியால் மேலேற்றி வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டுப்பரப்பின் நடுவில் பழுப்பு வளையம் இருக்கும்வரை நோய் உள்ளது. வெள்ளையும் பச்சையுமாகத் தெளிந்த இடம் வந்ததும் நிறுத்தி, தலையை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, காய்ந்த கலவையின் மேல் உட்கார வைத்தால் பிழைக்கும்.

பெருக்குவதில் இந்தச் செடிபோல் கொடையாளி அரிது. ஒரு இலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, அடிப்பகுதி கிழியாமல் முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும். புதுச் செடி உருவாகும் செல்கள் அந்த அடிநுனியில் இருப்பதால், பாதியில் ஒடிந்த இலை பயனற்றது. பிரித்த இலையை மண்ணில் செருகாமல், உலர்ந்த தட்டில் வெயில் படாத வெளிச்சத்தில் கிடத்தினால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் அடிநுனியிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் மயிரிழை வேர்கள் எட்டிப் பார்க்கும். சிலவற்றில் வேருக்கு முன்பே கடுகளவு இலையடுக்கு தோன்றும், அந்த அளவிலேயே முழு ரோஜா வடிவம் இருக்கும். பிறகு வேரை மட்டும் கலவையில் படுமாறு வைத்து, லேசாக நனைக்க வேண்டும். தாய் இலை தன் நீரையும் சர்க்கரையையும் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே சுருங்கி, சருகாகும். அதைப் பாதியில் பறித்துவிடக்கூடாது. வைத்த இலைகள் எல்லாம் பிழைப்பதில்லை. வேர் விட்டுப் பிள்ளை தராதவையும், பிள்ளை தந்து வேர் விடாதவையும் இருக்கும். பராகுவேயன்ஸ் வழிவந்த கலப்புகளில் தட்டினாலே இலை கழன்று விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். எச்சவேரியாப் பங்கு கூடிய பெரிய இலை வகைகளுக்கு இலைவழி எளிதல்ல. அவற்றைத் தலைவெட்டிப் பெருக்க வேண்டும். வெட்டிய தலை தனிச்செடியாகும், அடித்தண்டில் இலைக் கவடுகளிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். போடியில் இதற்கு மார்கழியும் தையும் நல்ல மாதங்கள்; மலைமேல் மழை ஓய்ந்த தை, மாசி.

விதையிலிருந்து அதே செடியைப் பெற முடியாது. பல கிராப்டோவீரியாக்கள் விதையே வைப்பதில்லை. வைத்தாலும் பிள்ளைகள் பெற்றோரின் குணங்களைக் கலைத்துப் போட்டுப் பிறக்கும். ஆகவே உலகெங்கும் உள்ள ‘ஃபிரெட் ஐவ்ஸ்’ செடிகள் அனைத்தும் ஒரே செடியின் துண்டுகள்தாம். இணையத்தில் வண்ண வண்ணமாக ‘எச்சவேரியா விதை’ என்று விற்பவற்றை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். நீலமும் கரும்பச்சையுமாகப் பளபளக்கும் இலைகளோடு வருபவற்றில் சாயம் பூசியவையும் உண்டு. சாயம் இலைக்கு ஒளியை மறைக்கும்.

பூக்கும் காலத்தில் இலைக் கவட்டிலிருந்து வளைந்த காம்பு நீளும். எச்சவேரியாவின் பூ மணி வடிவில் செம்மஞ்சளாகவும், கிராப்டோபெட்டாலத்தின் பூ நட்சத்திரமாக விரிந்து சிவப்புப் புள்ளிகளோடும் இருக்கும். கலப்பினத்தின் பூ நடுவாக அமைந்து, வெளிர்மஞ்சள் இதழில் சிவப்புப் பொட்டுகள் சிதறிக் கிடக்கும். ஆனைக்கற்றாழை ஒருமுறை பூத்ததும் மடிந்துவிடும். கிராப்டோவீரியாவில் பூக்காம்பு பக்கத்திலிருந்து கிளம்புவதால் நடுக்குருத்து தொடர்ந்து வளரும். பூத்த செடியைக் கண்டு அஞ்ச வேண்டாம். காம்பில் அசுவினி மொய்த்தால் காம்பை மட்டும் வெட்டிவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து நேராக அஞ்சலில் செடி வரவழைக்க நினைப்போர், 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நலச்சான்றிதழும் தேவை என்பதை அறிந்திருக்க வேண்டும். இல்லாமல் வருபவை வேரில் என்ன சுமந்து வருகின்றன என்பது தெரியாது, இந்த மலைகளின் ஏலத்துக்கும் மிளகுக்கும் அது ஆபத்து. உள்நாட்டு நர்சரிகளிலேயே போதுமான வகைகள் கிடைக்கின்றன. மலை நர்சரியில் வளர்ந்த செடியைப் போடிக்குக் கொண்டுவருவதானால் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொண்டுவர வேண்டும், கோடையில் அல்ல. வந்த செடியை மற்றச் செடிகளோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியாக வைத்து மாவுப்பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல் பத்து நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு மெல்ல நகர்த்தினால், அடுத்த கோடை வருவதற்குள் அடிவாரத்து இரவுகளுக்கு அது பழகிவிடும்.